பின்னால் வந்த சைக்கிள்

— ஆட்டாத. தலையக் குனிஞ்சிக்கிட்டு அப்புடியே ஒக்காரு. ரத்தம் இன்னும் நிக்கல.

— இதுல ரத்தம் எது, கொழம்பு எதுன்னே தெரியல. கண்ணு எரியிது நீலா.

— எரியட்டும். காரக் கொழம்பு. மத்தியானம் நான் திங்கறதுக்கு எடுத்தாந்தது. தூக்குவாளியே நசுங்கிப்போச்சி, ஒன் மண்ட நசுங்கல பாரு.

— கட்டுன புருசன நடு ரோட்டுல போட்டு அடிச்சிட்டு, வாயும் பேசற.

— புருசனா? எனக்கு எப்புடித் தெரியும் புருசன்னு? நாலடி தள்ளி ஆளு நிக்கிதா மாடு நிக்கிதான்னு தெரியாத பனி. லைட்டு கெடயாது. மணி அடிக்கல. தலையில முண்டாசு, மூஞ்சியச் சுத்தித் துண்டு. நான் நிறுத்துனா நிக்கிது, நான் மெதிச்சா பின்னாலயே வருது. சரி, இன்னிக்கி ரெண்டுல ஒண்ணு பாத்துடலாம்னு எறங்கி, புளியமரத்து மறைவுல சைக்கிள சாச்சிட்டு நின்னேன். கிட்ட வரட்டும், வரட்டும்னு இருந்து தூக்குவாளியால ஓங்கி ஒரு போடு போட்டேன். கீழ வுழுந்து "ஐயோ நீலா"ன்னு கத்துன பின்னாடிதான் இது எங்க வூட்டு ராஜாங்கம்னு தெரிஞ்சிது.

— தெரிஞ்சிதுல்ல? அப்பறம் எதுக்குடி ரெண்டாவது ஒண்ணு போட்ட?

— தெரிஞ்சதாலதான் போட்டேன். கையெடு. என்னா பெருசா, ரெண்டு வெரல் அகலம் பொளந்திருக்குது. முண்டாசுதான் காப்பாத்துச்சி. இந்தா, முந்தானையால அழுத்திப் புடிச்சிக்க. அழுத்து.

— வலிக்கிதுடி.

— லாரி வருது, லாரி வருது! காலை மடக்கு. இந்தப் பக்கம் வா… பாத்தியா? ஆரனும் அடிக்காம எப்புடிப் போறான் பாரு. கரிச் சொரங்கத்து மண்ணு ஏத்திக்கிட்டு. இவனுவளுக்குப் பனியாவது, வெய்யிலாவது. அது யாரு சைக்கிளு, பள்ளத்துல கெடக்குறது?

— நல்லமுத்துவோடது.

— அவன் குடுத்தானா? என்னான்னு கேட்டு வாங்குன?

— ஒரு சோலி இருக்குதுன்னு சொன்னேன்.

— சோலி. பொண்டாட்டி பின்னால போறது சோலி. நான் கெளம்பையில போத்திக்கிட்டுக் கொறட்ட வுட்டுக்கிட்டு இருந்தியேய்யா நீ?

— அது… சும்மா.

— சும்மா கொறட்டையா! அடப் பாவி. நான் இருட்டோட எழுந்து, தண்ணி மோந்து, சோறாக்கி, ஒங்க அம்மாவுக்கு வெந்நி வச்சிக் குடுத்துட்டு, இவன் தூங்கட்டும், குளுருல எதுக்கு எழுப்பணும்னு அடிமேல அடி வச்சி, சைக்கிளச் சத்தம் இல்லாம தூக்கித் தெருவுல வச்சிட்டு வர்றேன். நீ உள்ள படுத்துக்கிட்டு கொறட்டைய நடிச்சிக்கிட்டு இருந்திருக்கிற. எத்தினி நாளா இது?

— நான் சொல்றதக் கேளு மொதல்ல.

— எத்தினி நாளா?

— பனி எறங்குனதுலேருந்து. தெனமும் இல்ல. அப்பப்ப. அடிக்கடி.

— எதுக்கு?

— ஒரு தொணைக்குத்தான்.

— தொணைக்கு வர்றவன் பக்கத்துல வருவான். "ஏ நீலா, நானும் வர்றேன்"னு சொல்லிட்டு வருவான். மூஞ்சிய மூடிக்கிட்டுப் பின்னால வர்றவனுக்கு எந்த ஊருல தொணைன்னு பேரு? நெசத்தச் சொல்லு.

— கோதண்டபாணி டீக்கடையில ஒரு பேச்சு வந்திச்சி.

— என்னா பேச்சு?

— வுடு.

— வுட மாட்டேன். கம்பெனி கேட்டு மூட நேரம் ஆவுது, இன்னிக்கி அரை நாள் வேல போனாலும் போவட்டும். என்னா பேச்சு?

— "ஒன் வூட்டுக்காரிக்கு இப்பல்லாம் பனியில தொணை கெடைக்கிதுபோல"ன்னான். எல்லாரும் சிரிச்சானுவ.

— நீ?

— டீயக் கீழ ஊத்திட்டு எழுந்து வந்துட்டேன்.

— கோதண்டபாணி மூஞ்சியில ஊத்தல?

— அவனே ஏதோ வெளையாட்டா…

— பாரு. அவன் சொன்னா வெளையாட்டு. அவன ஒரு கேள்வி கேக்கல. என்னயும் கேக்கல. நேரா நல்லமுத்துகிட்டப் போயி சைக்கிள வாங்கிட்ட.

— ஒன்னக் கேட்டா சொல்லிடுவியா?

— என்னாத்தச் சொல்லுவேன்? சொல்லுய்யா, என்னாத்தச் சொல்லணும் நான்? எவனோடயோ போறேன்னா? எங்க போறேன்? இந்தக் கம்மாபுரம் ரோட்டுல, பல்லு கிட்டிக்கிற குளுருல, விருத்தாசலத்துக்கு மெதிச்சிக்கிட்டுப் போயி, ஜாலி பண்ணறேனா? பீங்கான் கம்பெனியில களிமண்ணு கரைச்சி அச்சுல ஊத்துறேன்யா. களித் தண்ணி ஐசு மாதிரி இருக்குது. அதுல கைய வுட்டா வெரலு இருக்குதா இல்லியான்னு தெரியாது. சூளைப் பக்கம் போயி ஒரு நிமிசம் கையக் காட்டுனா, "இங்க என்னா கும்பல்"னு சூப்பர்வைசரு வந்துடுறான். நாள் பூரா எங்கூட இருக்கறது யாரு தெரியுமா? புள்ளையாரு பொம்ம. யான பொம்ம. நாய் பொம்ம. அதுவகூட என்னக் கேள்வி கேக்கல.

— கத்தாத. யாராவது வரப்போறாங்க.

— வரட்டும். வந்து பாக்கட்டும். "என்னம்மா ஆச்சி"ன்னு கேட்டா, "என் வூட்டுக்காரரு என்ன வேவு பாக்க வந்தாரு, தெரியாம மண்டைய ஒடச்சிட்டேன்"னு சொல்றேன். கோதண்டபாணி கடையில நாளைக்கி அதச் சொல்லிச் சிரிக்கட்டும்.

— ஒனக்கென்னா, நீ கெளம்பிப் போயிடற. அங்க ஒக்காந்து கேக்கறவன் நான்தான். "பொண்டாட்டி மெதிக்கிறா, புருசன் படுத்திருக்கான்." இது ஒரு நாளைக்கி எத்தினி வாயிலேருந்து வருது தெரியுமா?

— அப்ப எழுந்திரு.

— எழுந்து? எங்க போவறது? நெலம் இருந்தா ஏன் போத்திக்கிட்டுக் கெடக்குறேன்? இந்நேரம் கொல்லையில நிப்பேன். மார்கழி மாசத்துல என்னிக்காவது நான் வூட்டுல படுத்திருந்து பாத்திருக்கிறியா நீ? சொரங்கத்துக்கு எடுத்துக்கிட்டாங்க. வேல தர்றோம்னாங்க. நானும் போயிப் போயி நின்னுட்டுத்தான் வர்றேன்.

— அது எனக்குத் தெரியாதா? நானும்தான் அந்தக் கொல்லையில நட்டேன், களை எடுத்தேன். எனக்கு மட்டும் வவுறு எரியலியா? ஆனா நெலம் போனதும் நான் சைக்கிளு கத்துக்கிட்டேன். எழுத்து சொல்லிக்குடுக்க வந்த அறிவொளிக்காரங்க பொம்பளைவளுக்கு சைக்கிளும் கத்துக்குடுத்தப்ப நீதானே மைதானத்துல நின்னு சிரிச்ச? முட்டியெல்லாம் தேஞ்சி கத்துக்கிட்டேன். நீ என்னா கத்துக்கிட்ட? எங்க கம்பெனியில மூட்ட எறக்க ஆளு கேட்டாங்க, சொன்னேனா இல்லியா?

— மூட்ட தூக்கச் சொல்ற.

— ஆமாம். தூக்குனா என்னா?

— நேத்து வரைக்கும் நெலத்துல நாலு ஆள வச்சி வேல வாங்குனவன், இன்னிக்கிப் பொண்டாட்டி வேல செய்யிற எடத்துலயே போயி மூட்ட தூக்கணும். அவ பாக்க.

— அவ பாக்கக் கூடாது. ஆனா அவ எங்க போறா, எவனோட பேசறான்னு நீ மட்டும் பாக்கலாம். ரொம்ப நல்லா இருக்குதுய்யா ஒன் நாயம். சரி, பாத்தியே, இத்தினி நாளா என்னா பாத்த?

— ஒண்ணும் பாக்கல.

— ஒண்ணுமே?

— பனி. ஒன் கேரியரு. கம்பெனி கேட்டுல ஒங்கூட வேல செய்யிற பூவாயி நிக்கும். அதப் பாத்ததும் நீ சிரிப்ப. சைக்கிளத் தள்ளிக்கிட்டு ரெண்டு பேரும் ஏதோ பேசிச் சிரிச்சிக்கிட்டே உள்ள போவீங்க. வூட்டுல நீ அப்புடி சிரிக்கறதில்ல.

— அதுவும் குத்தமா?

— குத்தம்னு சொல்லல. சொன்னேன்.

— வூட்டுல சிரிக்க என்னா இருக்குது? பூவாயி கேலி பேசும், சிரிப்பேன். இருட்டுல அம்மாந்தூரம் உசுரக் கையில புடிச்சிக்கிட்டு வந்துட்டு, வெளக்கு எரியற எடத்துல தெரிஞ்ச மூஞ்சி ஒண்ணப் பாத்தா சிரிப்பு தானா வருது. அப்பாடா, வந்து சேந்துட்டோம்னு.

— போறப்ப தனியாப் பேசிக்கிட்டே போவியே. அதயும் கேட்டிருக்கிறேன். யாருகிட்டப் பேசறான்னு உத்து உத்துக் கேப்பேன்.

— பயத்துலய்யா! பயத்துல பேசறேன்! பின்னால செயினு கறுக் கறுக்குன்னு சத்தம் வருது. திரும்பிப் பாத்தா ஒண்ணும் இல்ல, வெள்ளையா இருக்குது. நிறுத்துனா அதுவும் நிக்கிது. கூட ஆளு இருக்குதுன்னு நெனைக்கட்டுமேன்னு, "ஏ பூவாயி, வெரசா வா"ன்னு சத்தமாப் பேசிக்கிட்டுப் போவேன். இல்லாத பூவாயிகிட்ட. அத நீ ஒட்டுக் கேட்டுக்கிட்டு வந்திருக்கிற.

— அவ்வளவு பயமா இருந்திச்சின்னா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்றதுதானே?

— சொல்லி?

— சொல்லியிருந்தா…

— சொல்லியிருந்தா என்னா சொல்லியிருப்ப? எனக்கு நெசத்தச் சொல்லு. "சரி, நான் கூட வர்றேன்"னு சொல்லியிருப்பியா? "அப்ப வேலைக்கிப் போவாத"ன்னு சொல்லியிருப்ப. ஒங்க அம்மா, "நான் அன்னிக்கே சொன்னேன்"னு சொல்லும். எவனோ ஒரு பொறுக்கி செய்யிறதுக்கு என் சைக்கிளுக்குப் பூட்டுப் போடுவீங்க. அதனாலதான் வாயத் தொறக்கல. பல்லக் கடிச்சிக்கிட்டு வந்தேன் போனேன். இந்த ஒரு வேலையும் போனா அடுப்புல எதப் போட்டு எரிக்கிறது? சொல்லு, வேலைக்கிப் போவாதன்னு சொல்லியிருப்பியா இல்லியா?

— சொல்லியிருப்பேன்.

— அவ்வளவுதான்.

— நான் செஞ்சது தப்புதான். வுடு நீலா. அழுவாத.

— நான் ஒனக்காவ அழல. கேட்டுக்க. ரெண்டாவது அடி கோவத்துலதான் போட்டேன். ஆனா போட்டுட்டு ரோட்டுலயே ஒக்காந்து அழுதேன் பாரு, அது கோவம் இல்ல. அப்பாடா, இவந்தானா, வேற எவனும் இல்லியான்னு. இனிமே இந்த ரோட்டுல பயப்பட வாணாம்னு. சந்தேகப்படற புருசனா இருந்தாலும் பரவாயில்ல, தெரிஞ்சவனா இருந்தானே, அது போதும்னு நெனைக்கிற அளவுக்குக் கொண்டாந்து வுட்டுட்ட என்ன.

— இனிமே வர மாட்டேன். சத்தியமா. இல்லன்னா, சொல்லிட்டு வர்றேன். பக்கத்துலயே வர்றேன். மூட்ட தூக்கவும்கூட…

— நீ வா, வராட்டி போ. சந்தேகப்பட்டத மன்னிச்சிடலாம். ஊரு சிரிக்கிதுன்னு பின்னால வந்ததக்கூட மன்னிச்சிடலாம். வெள்ளிக்கெழம செஞ்சத மட்டும் நான் செத்தாலும் மன்னிக்க மாட்டேன்.

— வெள்ளிக்கெழமையா?

— தெரியாத மாதிரி கேக்காத. மதகுக்கிட்ட. இதே மாதிரி மூஞ்சிய மூடிக்கிட்டு, சைக்கிள ஒரசற மாதிரி கொண்டாந்து, என் மாராப்பப் புடிச்சி இழுத்தியே. ஒரு வார்த்த பேசல. நான் கத்துறேன், கைய வுடல நீ. சேல சக்கரத்துல சுத்திக்கிட்டு நான் பள்ளத்துல வுழுந்தேன். சைக்கிளப் போட்டுட்டுப் பருத்திக் கொல்லையில எறங்கி ஓடுனேன்யா. ஒரு டிராக்டரு சத்தம் கேட்டதாலதான் தப்பிச்சேன். முட்டி பேந்து சாயங்காலம் நொண்டிக்கிட்டு வந்தப்ப, "கல்லு தடுக்கிடுச்சி"ன்னு ஒங்கிட்டதான் சொன்னேன். நீயே மஞ்சத்தூள எடுத்துக் குடுத்த. எப்புடிய்யா மனசு வந்திச்சி? சோதிச்சிப் பாத்தியா? இழுத்தா வருவாளான்னு பாத்தியா? தாலி கட்டுனவன் செய்யிற வேலையா அது? சொல்லு. ஏன் இப்புடிப் பாக்கற? சொல்லுய்யா!

— நீலா… வெள்ளிக்கெழம குளுரு அதிகமா இருந்திச்சி. எழுந்து கதவு வரைக்கும் வந்தேன். முடியல, திரும்பப் போயிப் போத்திக்கிட்டுப் படுத்துட்டேன். அன்னிக்கி நான் வரவே இல்ல.