காலிப் பாட்டிலுக்கும் முத்திரை வைத்த முனைவர் மதலைமுத்து அவர்களுக்கு

கல்லுக்குள் கிடந்த காலத்தைக் கலைக்காமல் எடுத்துக் காட்டிய கண்ணியரே! சொட்டு நீருக்குப் பொறுமையோடு காத்திருந்து, சொன்ன சொல்லுக்குப் பொறுப்போடு நின்ற சான்றோரே! மொரப்பூர்ப் பக்கத்து மேட்டுக்காட்டில் பிறந்து, முப்பத்திரண்டு ஆண்டுகள் பாறைகளோடும் அமிலப் புட்டிகளோடும் பழகி, இந்த 1988 மே மாதக் கடைசி நாளில் பணி நிறைவு பெறும் எங்கள் மதலைமுத்து அய்யா அவர்களே! வணக்கம்.

இந்த வாழ்த்து மடலில் உங்கள் நற்குணங்களை வரிசையாக அடுக்கி வாசித்துவிட்டு உட்கார எங்களுக்கும் ஆசைதான். ஆனால் இங்கே வந்திருக்கும் உங்கள் உறவினர் பலருக்கு நீங்கள் பார்த்த வேலை என்னவென்றே தெரியாது. பாலக்கோட்டிலிருந்து வந்திருக்கும் உங்கள் சம்பந்தி, "கல்லு ஒடைக்கிற ஆபீசுல பெரிய அதிகாரிங்க" என்று சற்று முன் ஒருவருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். ஆகவே கொஞ்ச நேரம் உங்களை விட்டுவிட்டு அவர்களைப் பார்த்துப் பேசுகிறோம். பேச்சு உங்களைப் பற்றித்தான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவையோரே, பென்னாகரத்துக்கு அப்பால், காவிரிக்கு மேலே, காட்டுக்குள் ஒரு சுண்ணாம்புப்பாறைக் குகை இருக்கிறது. மழைத் தண்ணீர் பாறையில் கசிந்து குகைக்குள் சொட்டுகிறது. சொட்டும் தண்ணீரிலுள்ள சுண்ணாம்பு துளித்துளியாக உறைந்து, தரையிலிருந்து தூண் போல மேலே வளர்கிறது. ஒரு விரல் உயரம் வளர ஆயிரம் வருடம்கூட ஆகும். எங்கள் ஆபீசில் அதற்குச் சொட்டுக்கல் என்று பெயர். தண்ணீரிலுள்ள ஆக்சிஜனில் கனமானதும் உண்டு, லேசானதும் உண்டு. ஐசோடோப்பு என்பது அதுதான். எந்தப் பருவத்து மழை, எவ்வளவு மழை என்பதற்கேற்ப அந்த இரண்டின் விகிதம் மாறும். மாறிய விகிதம் கல்லிலும் பதிந்துவிடும். கல்லை அறுத்து, அடுக்கு அடுக்காகச் சுரண்டி அளந்தால், நம் பாட்டன் பூட்டனுக்கு முன்னால் பெய்த மழையின் கதை தெரியும். அய்யாவின் வேலை அதைப் படிப்பது. "வூட்டுல ஒரு சொம்பு தண்ணி குடுத்தாக்கூட, இது எங்கிருந்து வந்துச்சுன்னு கேட்டுட்டுத்தாங்க குடிப்பாரு" என்று அவர் துணைவியார் புஷ்பமேரி அம்மா சொல்வதுண்டு.

பழைய கல்லைப் படிக்க வேண்டுமானால், இன்று சொட்டும் தண்ணீரையும் தெரிந்திருக்க வேண்டும். அதற்காகக் குகைக்குள் சொட்டு விழும் இடங்களில் அய்யா பாட்டில்களை வைத்தார். வாரம் ஒருமுறை அவற்றை மூடி, மெழுகு வைத்து, புதியவற்றை மாற்ற ஓர் ஆள் வேண்டியிருந்தது. ஆற்றோரத்து ஊரில் ஆடு மேய்க்கும் காசியம்மாள் தினக்கூலிக்கு வந்தார். மழையோ வெயிலோ, ஒரு வாரமும் தவறியதில்லை.

எண்பத்து மூன்றில் வந்த வறட்சி உங்களுக்கெல்லாம் நினைவிருக்கும். கிணறுகளில் பாறை தெரிந்தது. அந்தக் கோடையில் குகையிலிருந்து வந்த பாட்டில்களை வடநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்பினோம். மாதக் கணக்கில் காத்திருந்தபின் முடிவு வந்தது. தண்ணீரில் கனமான ஆக்சிஜன் வழக்கத்தைவிட மிக அதிகமாக இருந்தது. அய்யா அன்று மதியச் சாப்பாட்டை மறந்துவிட்டார். வறட்சி வந்த அதே வருடம் குகைத் தண்ணீரில் அது தெரிகிறதென்றால், கல்லின் ஒவ்வோர் அடுக்கிலும் அந்தந்தக் காலத்துப் பஞ்சத்தைப் படித்துவிடலாம். இந்தியாவில் அதுவரை எவரும் சொல்லாத செய்தி அது. கட்டுரை எழுதினார். பெரிய மாநாட்டுக்கு அழைப்பு வந்தது. இயக்குநர் பதவிக்கான பட்டியலில் அவர் பெயர் முதலில் இருப்பதாகத் தலைமையகத்திலிருந்து செய்தியும் வந்தது.

அந்தப் பதவி அவருக்கு வேண்டாததாக இல்லை. நன்றாகவே வேண்டியிருந்தது. இயக்குநர் ஆனால் ஐசோடோப்பு அளக்கும் கருவியைத் தருமபுரிக்கே கொண்டுவந்துவிடலாம். ஊர் ஊராகப் பாட்டில் அனுப்பிவிட்டு யாருடைய தயவுக்கும் காத்திருக்க வேண்டாம். கருவியை வைக்க எந்த அறை, எந்தச் சுவரை இடிக்க வேண்டும் என்பது வரை யோசித்து வைத்திருந்தார்.

மறு வருடக் கோடையில், மாநாட்டுக்கு முன், குகைக்குப் போனார். ஜீப் ஓட்டியவர் எங்கள் ராஜப்பன். வாசலில் காசியம்மாள் இடுப்பில் குடத்தோடு நின்றிருந்தார்.

"வாங்கய்யா. நல்ல நேரத்துல வந்தீங்க. ஆத்துத் தண்ணி இந்தவாட்டி கொஞ்சம் கலங்கலா இருக்குதுங்க. துணில வடிகட்டி ஊத்தட்டுங்களா, அப்புடியே ஊத்தட்டுங்களா?"

"எதுலம்மா ஊத்தப் போறீங்க?"

"பாட்டல்லதாங்க. சொட்டு நின்னு போச்சில்லீங்களா."

அய்யா குடத்துக்குள் எட்டிப் பார்த்தார்.

"போன வருசமும் ஊத்துனீங்களா?"

"ஊத்தாம? மாசி போயி ஆடி வரைக்கும் ஒரு சொட்டு வுழல. நீங்க ஜீப்பு போட்டுக்கிட்டு அவ்ளோ தூரம் வர்றீங்க. வெறும் பாட்டலத் தூக்கிக் குடுக்க முடியுங்களா? பக்கத்து வூட்டுக் கிண்ணத்தத் திருப்பிக் குடுத்தாக்கூட ஒரு கை உப்பாச்சும் போட்டுத்தாங்க குடுப்போம்." அய்யாவின் முகம் மாறியதைப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: "கொறச்சி ஊத்திட்டனுங்களா?"

"இல்லம்மா. நெறையத்தான் ஊத்தியிருக்கீங்க" என்றார் அய்யா.

உண்மை இதுதான். கனமாக இருந்தது குகைத் தண்ணீர் அல்ல. பாறைக் குழிகளில் தேங்கி, வெயிலில் லேசானது ஆவியாகிப்போய், கனமானது மிஞ்சிக் கிடந்த காவிரித் தண்ணீர். கட்டுரையின் முதுகெலும்பே அந்தப் பாட்டில்கள்தான்.

ஜீப்பில் திரும்பினார்கள். தானாக வாய் திறந்தவர் ராஜப்பன்.

"நான் வண்டிலதான் இருந்தனுங்கய்யா. எனக்கு ஒண்ணும் காதுல வுழல."

அய்யாவுக்கு அந்தப் பேச்சின் பொருள் விளங்கியது. பாட்டில்கள் ஆய்வகத்தில் தீர்ந்துவிட்டன. கட்டுரையைத் தப்பென்று சொல்ல இனி யாராலும் முடியாது. கருவி வந்தபின் எல்லாவற்றையும் சரியாக அளந்து, மெதுவாகத் திருத்திக்கொள்ளலாம். பென்னாகரம் வரும்வரை இந்த எண்ணம் அவரோடு வந்தது. பிறகு சொன்னார்:

"என் காதுல வுழுந்துடுச்சேப்பா."

மறுநாளே கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். தலைமையகத்திலிருந்து விசாரிக்க ஓர் உயர் அதிகாரி வந்தார். அய்யா மீது மரியாதை உள்ளவர். வழியும் காட்டினார்.

"மதலைமுத்து, தண்ணி கலந்தது யாருன்னு மட்டும் சொல்லுங்க. கூலியாளோட தப்புன்னு எழுதி, ஆளை நிறுத்திட்டு, விஷயத்தை முடிச்சிடலாம்."

"கூலியாளோட தப்பு இல்லீங்க சார். சொட்டு நின்னா பாட்டில் காலியாத்தான் வரணும், காலியா வந்தா அதுவும் எனக்கு ஒரு அளவுதான்னு நான் சொல்லிக் குடுக்கலை. சோதனை என்னோடது. தப்பும் என்னோடது."

"அப்படி எழுதினா பட்டியல்ல உங்க பேர் நிக்காதே."

"நிக்காதுங்க."

அப்படியே எழுதப்பட்டது. பெயரும் நிற்கவில்லை. இயக்குநர் நாற்காலிக்கு வேறொருவர் வந்தார். கருவி வேறோர் ஊருக்குப் போனது. அய்யா இருந்த பதவியிலேயே இருந்து, இன்று அதிலிருந்தே ஓய்வு பெறுகிறார். அந்த வாரம் முழுவதும் அவர் யாரோடும் சரியாகப் பேசவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வருத்தமே இல்லாத மனிதராக அவரைக் காட்டினால் அது பொய்யாகிவிடும்.

அதற்குப் பிறகு புதிதாகத் தொடங்கினார். காசியம்மாளையே வைத்துக்கொண்டார். சொட்டு நின்ற வாரங்களில் காலிப் பாட்டிலை மூடி, மெழுகு வைத்து, நாள் எழுதி அனுப்பும் வழக்கம் வந்தது. "ஒண்ணுமில்லாததுக்கு எதுக்குங்க மெழுகு? எங்கூர்ல சொன்னா சிரிப்பாங்க" என்று காசியம்மாள் கேலி செய்துகொண்டே மெழுகு வைத்தார். காலிப் பாட்டில்கள் எங்கள் அலமாரியில் வரிசையாகச் சேர்ந்தன.

அந்த வரிசையைப் பார்த்துத்தான் அய்யாவுக்கு விஷயம் புரிந்தது. கடும் வறட்சியில் சொட்டு நிற்கிறது. சொட்டு நின்றால் கல் வளர்வதில்லை. அப்படியானால் பெரிய பஞ்சங்களை அடுக்குகளில் தேடுவதே தப்பு. அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவில், மயிரிழை போல அழுக்குக் கோடாகத் தெரியும் இடத்தில் தேட வேண்டும். அந்தக் கோடுகளை அதுவரை நாங்கள் எல்லோரும் அழுக்கு என்றே ஒதுக்கியிருந்தோம், அவர் உட்பட. பழைய கற்களை மறுபடி எடுத்து, கோட்டுக்கு மேலும் கீழும் சுரண்டி, இரண்டின் வயதையும் அளந்தார். கல் வளராமல் நின்ற காலங்களைக் கண்டு சொன்னார். சென்ற ஆண்டு வெளிவந்த அந்தக் கட்டுரை முதல் கட்டுரையைவிடச் சிறியது. அதற்காக மாநாடு எதுவும் கூடவில்லை. ஆனால் அதில் இருப்பதெல்லாம் குகையில் சொட்டிய தண்ணீரும், சொட்டாமல் நின்ற தண்ணீரும் மட்டுமே.

அய்யா அவர்களே, இனி மறுபடி உங்களோடு பேசுகிறோம்.

சென்ற வாரம் எங்களை அழைத்து, "மடல்ல அந்தப் பதவி விஷயத்தை எல்லாம் எழுதாதீங்கப்பா. காசியம்மா காதுக்குப் போனா மனசு கஷ்டப்படும்" என்றீர்கள். உங்கள் சொல்லைத் தட்டி எங்களுக்குப் பழக்கமில்லை. ஆனால் ஆபீசுக் காகிதங்களில், பாட்டிலில் ஆற்றுத் தண்ணீர் கலந்தது உங்கள் தப்பு என்று மட்டுமே இன்றும் இருக்கிறது; ஊற்றியவர் பெயர் இல்லை. புதிதாக வரும் பிள்ளைகள் அதைப் படித்துவிட்டு உங்களைப் பற்றி ஒரு மாதிரியாகப் பேசுகிறார்கள். எங்களுக்கு மனம் ஒப்பவில்லை. ஆகவே நாங்கள் காசியம்மாளிடமே போய்க் கேட்டோம்.

ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டே முழுவதையும் கேட்டார்.

"எனக்கு அப்பவே தெரியுங்க. ராஜப்பன் அண்ணன் அடுத்த மாசமே சொல்லிட்டாரு. அய்யா சொல்லிக்க வேண்டாம்னு நெனச்சாரு. சரி, பெரிய மனுசன் ஆசப்பட்டுட்டாருன்னு நானும் தெரியாத மாதிரி இருந்துட்டனுங்க. இப்பத்தான் வேலைய வுட்டுப் போறாரில்ல? இனி சொல்ல வேண்டாம்னு யாரு என்னயத் தடுக்கிறது? ஊத்துனது நாந்தான்னு எழுதுங்க. எம் பேரப் போட்டு எழுதுங்க. நாலு பேரு முன்னால சத்தமாப் படிங்க. நான் செஞ்சத அவரு இன்னும் எத்தன வருசத்துக்குச் செமந்துக்கிட்டுத் திரியிறது?"

படித்துவிட்டோம், அய்யா. இதன் ஒரு படி ஆபீசுக் காகிதங்களோடு சேர்க்கப்படும். சட்டம் போட்ட படி உங்கள் வீட்டுச் சுவருக்கு. மூன்றாவது வரிசையில், சிவப்புச் சேலையில், உங்களைப் பார்க்காமல் உட்கார்ந்திருப்பவர் அவர்தான்.

நோயின்றி, நொடியின்றி, புஷ்பமேரி அம்மாவோடும் பேரப்பிள்ளைகளோடும் பல்லாண்டு வாழுங்கள். மேட்டுக்காட்டுக்கு மழை காலத்தில் பெய்யட்டும். கிணற்றில் தண்ணீர் ஊறட்டும். அது எங்கிருந்து வந்ததென்று கேட்காமல் ஒரு சொம்பு நிம்மதியாகக் குடியுங்கள்.

இங்ஙனம், என்றும் தங்கள் அன்பு மறவாத,

காசியம்மாள் (இடது பெருவிரல் கைநாட்டு)

மற்றும் நிலவேதியியல் ஆய்வு நிலையப் பணியாளர்கள்,
தருமபுரி.