நாலாவது வயர்

...அட, இருங்க தம்பி! மீட்டர் பெட்டி எங்கயும் ஓடிடாது, முதல்ல நான் சொல்றதைக் கேளுங்க. உங்க கரண்ட் ஆபீஸுக்கு போன் போட்டுப் போட்டு என் விரல் தேஞ்சுபோச்சு. கடைசியா ஒருத்தர் எடுத்தாரு. எடுத்தவரு பாடம் நடத்துறாரு! டிரான்ஸ்பார்மருக்குள்ள மூணு காயில் இருக்காம், மூணும் ஒரு முனையில ஒண்ணா சேருதாம், அந்த முனையை மண்ணுல இறக்கி வெச்சிருக்காங்களாம். ஏங்க, கரண்டை மண்ணுக்குள்ள விட்டா வீட்டுக்கு எது வரும்னு கேட்டேன். டக்குனு வெச்சிட்டாரு. ரோஷத்தைப் பாருங்க!

இதோ, என் ஃபேன் சுத்துதா தூங்குதா, நீங்களே சொல்லுங்க. மாடியில என் பொண்ணு வீட்லயோ தலைகீழ், பல்பு கண்ணைப் பறிக்குது. நேத்து ஃபிரிட்ஜ் புகைஞ்சே போச்சு! பாவம், கேக் செஞ்சு விக்கிறவ... க்ரீம் பூரா உருகித் தரையில. மாப்பிள்ளை இருக்காரே, 'எல்லாம் மாமா கைவெச்ச லட்சணம்'ங்கறாரு. நாளைக்கே வேற வீடு போறாங்களாம், என் பேத்தியையும் தூக்கிக்கிட்டு! அவ இல்லாம நான் இந்த வீட்ல என்ன பண்ணுவேன்? அதனால வேலை முடிஞ்சதும் மாடிக்கு வந்து, தப்பு டிரான்ஸ்பார்மர்லதான்னு அவரு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுத்தான் போகணும், ஆமா!

என்ன, பெட்டிக்குள்ளயே பார்க்குறீங்க? ஓ, அந்த நாலாவது வயரா? அது தண்டம் தம்பி! மத்த மூணுலயும் டெஸ்டர் பளிச்னு எரியுது, அதுல வெச்சா மூச்சு பேச்சே இல்ல. சும்மா இடத்தை அடைச்சுக்கிட்டு... ஞாயித்துக்கிழமை மெயினை இறக்கிட்டு நானே கழட்டிட்டேன். ஆள் கூப்பிட்டா நமக்குக் கட்டுப்படி ஆகுமா? நல்ல தடி வயரு, வீணாக்க மனசு வரல. மொட்டைமாடியில துணி காயப்போடக் கட்டிட்டேன். மாப்பிள்ளை சட்டை இப்பக்கூட அதுலதான் தொங்குது!

ஏன் தலையில கைவெச்சிட்டீங்க? ...என்னது, காயில் சேர்ற முனையிலேர்ந்து வர்ற வயரே அதானா? அது போனா ஒரு வீட்டுக்கு வோல்டேஜ் ஏறும், ஒரு வீட்டுக்கு இறங்குமா? அப்போ ஃபிரிட்ஜு... ஐயய்யோ!

தம்பி, தம்பி! படியில எங்க ஏறுறீங்க? நான் சொன்னதை விடுங்க, யாருக்கும் எதுவும் சொல்ல வேணாம்! மெதுவா... கதவு திறக்குது பாருங்க... ஆங், வாங்க மாப்பிள்ளை! ஒண்ணுமில்ல... தம்பி உங்க சட்டையை எடுத்துத் தரத்தான் மேல வர்றாரு!