அளவு ஜாக்கெட்

— ஏய் கலைச்செல்வி, மெஷினு சக்கரத்த பின்னால சுத்த உடாத! பாரு, மறுபடியும் நூலு அந்துபோச்சு.

— கால வச்சா அதுவா பின்னால போவுது மோனிகாக்கா. நான் இன்னா பண்றது?

— அய்ய! ரெண்டு மாசமா பழைய துணியில கோடு ஓட்ற, அதுவே கோணிக்கினு போவுது. இதுல கமலாம்பா ஜாக்கெட்ட நான்தான் தைப்பேன்னு நிக்கிற. பட்டுடி அது! அவங்க வூட்டுக்காரருக்கு அறுபதாம் கல்யாணம்.

— அதுக்குத்தான் கேக்குறேன். அந்த துணிப்பைய இப்டி குடு.

— டென்ஷன் பண்ணாத. அந்தம்மாவே பேர் போன டைலரு. கண்ணு ஆபரேஷன் ஆனதாலதான் அளவு ஜாக்கெட்ட வச்சி நமக்குக் குடுத்தனுப்பி இருக்குறாங்க. கெட்டுப்போனா நம்ம செஞ்சி பஜார்ல நான் தல காட்ட முடியாது.

— கெட்டுப் போவட்டும்.

— என்னாது?

— தையல பெருசு பெருசா ஓட்டி வைக்கிறேன். மேடையில மாலை போட கைய தூக்கட்டும். அக்குள்ல டர்ருனு கிழியட்டும். சொந்தக்காரங்க எல்லாம் பாக்கட்டும்.

— பைத்தியம் புடிச்சிருக்குதா உனக்கு? அந்தம்மா உன்ன என்னா பண்ணாங்க?

— நீ அனந்தபுரத்துல இருந்து வாக்கப்பட்டு வந்தவ, உனக்குத் தெரியாது. என் கல்யாண ஜாக்கெட்டு அவதான் தைச்சா. காலனிப் பொண்ணுன்னா தொட மாட்டா. டேப்ப எங்கம்மா மேல வீசி, நீயே அளந்து சொல்லுன்னா. களை வெட்டுற பொம்பளைக்கு டேப்ப பத்தி இன்னா தெரியும்? இழுத்துப் புடிச்சி ஏதோ ஒரு நம்பர் சொல்லுச்சு. தப்புன்னு தெரிஞ்சேதான் தைச்சா அவ, அக்கா!

— அடிப்பாவி... கிழிஞ்சிடுச்சா?

— மாலை போட கைய தூக்கனேன், ரெண்டு பக்கமும் போச்சு. மாப்ள வூட்டுக்காரங்க சிரிச்சாங்க. ஆல்பத்துல பாரு, ஒரு போட்டோல கூட கைய ஒடம்ப உட்டு எடுத்திருக்க மாட்டேன். என்னாலதான்னு சொல்லிச் சொல்லியே அழுதுச்சு எங்கம்மா, சாவற வரைக்கும். தையல் கத்துக்க வந்ததே இதுக்குத்தான். வயிறு எரியுதுக்கா.

— எரியாம என்னா பண்ணும்? ஆனா கேளுடி. கிழிஞ்சா வேற ஜாக்கெட்ட மாத்திக்குவா. காலனிப் பொண்ணுங்களுக்கு எங்கடி தைக்க வரும்னு ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பா. திரும்பவும் அவதான் ஜெயிப்பா.

— ...ஆமா. சரி, நீயே தை. நல்லா தை. ஒரு சுருக்கம் இருக்கக் கூடாது.

— அப்பாடா! இப்பதான் எனக்கு உசுரு வந்துச்சு.

— அளவு ஜாக்கெட்ட மட்டும் திருப்பி அனுப்பிடு. பழசு, அளவு சேராது, நேர்ல வந்தாதான் தைப்போம்னு போன் போடு.

— அவங்க எதுக்குடி நேர்ல?

— டேப்பு நான் புடிக்கிறேன். எங்கம்மா பேர சொல்லிட்டு, கழுத்துல இருந்து இடுப்பு வரைக்கும் ஒரு எடம் உடாம தொட்டு அளக்கப் போறேன்.