தனிப் பெட்ரோல்

நீங்க இதைச் சத்தம்ங்கறீங்க தம்பி, சரி. நான் கேட்ட சத்தத்தைச் சொல்றேன், அப்புறம் எழுதிக்குங்க. முப்பத்தஞ்சு வருஷம் இருக்கும். காலைல பதினோரு மணி. மேட்டுக்கு அந்தப் பக்கம் மரம் வெட்டிக்கிட்டிருந்தாங்க. விடிஞ்சதுலேர்ந்து ஒரே சீரா வந்துக்கிட்டிருந்த மிஷின் ரம்பச் சத்தம், கீச்சுன்னு ஒரு இழுப்பு இழுத்துட்டு அப்படியே அறுந்துபோச்சு. இந்த வரிசையில அப்ப பதினாலு வீடு. பதினாலு வாசல்லயும் பொம்பளைங்க வந்து நின்னுட்டாங்க. ஒருத்தி கையில சோப்பு நுரை, ஒருத்தி கையில பாதி வாரின சீப்பு. சாப்பாட்டு நேரத்துக்கு நின்னா பரவாயில்ல. நேரம் தப்பி நின்னா, யாருக்கோ என்னமோ ஆயிடுச்சு. சத்தம் வர்ற வரைக்கும் ஆம்பளை உசுரோட இருக்கான். எங்களுக்குச் சத்தம்னா அதுதான். நீங்க அதுக்கு முனிசிபாலிடி நோட்டீஸ் கொண்டாந்திருக்கீங்க.

உக்காருங்க. அந்தப் பெட்டி மேல வேணாம், ஆயில். இந்தக் கட்டை மேல உக்காருங்க.

படிச்சுட்டேன் தம்பி, கண்ணு நல்லாத்தான் இருக்கு. ஏழு நாளைக்குள்ள நிறுத்தணும். இல்லன்னா வண்டி கொண்டாந்து இந்த ரம்ப மிஷினையெல்லாம் ஏத்திட்டுப் போயிடுவீங்க. அதானே? யார் புகார் எழுதிக் கொடுத்ததுன்னு நீங்க சொல்ல வேணாம், எனக்கே தெரியும். எதிர் வீட்டுப் பாட்டு வாத்தியார். அவர்கிட்ட கத்துக்கிற பிள்ளைங்க பாடி நீங்க கேட்டதில்ல போல. கேட்டிருந்தா முதல் நோட்டீஸ் அந்த வீட்டுக்குத்தான் போயிருக்கும்.

நான் என்ன நாள் பூராவுமா ஓட்டுறேன்? சாயங்காலம் நாலுலேர்ந்து அஞ்சு. ஒரு மணி நேரம். மரக்கடையில கழிச்சுப் போட்ட கட்டையை வாங்கிட்டு வந்து துண்டு போடுறேன். பச்சை மரம் ஒண்ணையும் தொட்டதில்ல, அதையும் எழுதிக்குங்க.

எண்ணிக்கிட்டு இருக்கீங்களா? பதினொண்ணு. ஒண்ணுகூடப் புதுசு இல்ல. முக்காவாசி பழைய இரும்புக் கடையில, இது பொணம், எடுத்துட்டுப் போன்னு தூக்கிப் போட்டது. எனக்கு அதுலதான் ஆசை. ஓடுற மிஷினை எவ வேணா ஓட்டுவா.

இந்தச் சிவப்பைப் பாருங்க. இதுக்கு வியாதியே இல்ல. சைலன்சருக்குள்ள குளவி மண்ணை அப்பிக் கூடு கட்டியிருந்துச்சு. மூச்சு விட வழியில்லாமக் கிடந்திருக்கு, பாவம். கம்பியை விட்டுக் குடைஞ்சேன், மூணாவது இழுப்புல பிடிச்சுக்கிச்சு. அந்த மஞ்சள்ல பழைய பெட்ரோல் பாகு மாதிரி இறுகிப்போயிருந்துச்சு. கார்பரேட்டருக்குள்ள சின்னதா ஒரு ஜவ்வு இருக்கும், அது காஞ்ச இலை கணக்கா கையிலயே நொறுங்கிடுச்சு. மாத்தினேன், எழுந்துக்கிச்சு.

மூலையில இருக்கே, அந்தப் பெருசு, அதைக் கொண்டாந்தவர் தோட்டக்காரர். ரெண்டு வருஷமா வெட்டவே மாட்டேங்குதும்மா, புகைதான் வருதுன்னார். பார்த்தா, செயினைத் திருப்பி மாட்டியிருக்கார்! பல்லெல்லாம் பின்பக்கம் பார்த்துக்கிட்டு இருக்கு. எப்படி வெட்டும்? ரெண்டு வருஷமா மரத்தைத் தேய்ச்சுக்கிட்டு இருந்திருக்கார் மனுஷன். நான் சொல்லாம வாங்கியிருக்கலாம். சொன்னேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்கணுமே. நீங்களே வச்சுக்குங்க, யாருகிட்டயும் சொல்லாதீங்கன்னுட்டுப் போயிட்டார். உங்ககிட்ட சொல்லிட்டேன். நீங்க சொல்லிடாதீங்க.

சிரிக்கிறீங்க. நல்லது.

வேலை எங்க கத்துக்கிட்டேன்னா, துணி கம்பெனியில. தையல் மிஷின் ரிப்பேர் பண்றவ நான். மெக்கானிக் எங்கம்மான்னு கேட்டுக்கிட்டு என் முன்னாடியே நிப்பாங்க. ஊசி எந்த நேரத்துல இறங்கணும், நூல் எந்த நேரத்துல ஏறணும், எல்லாம் மயிரிழைக் கணக்கு. அது தெரிஞ்சவளுக்கு இது என்ன பெரிய வித்தை?

ஆனா ஒரு விஷயம் தம்பி. தையல் மிஷின் பணிவா ஓடும். இது அப்படி இல்ல. ஸ்டார்ட் பண்றதுக்குக் கயிறை இழுக்கும்போது உள்ளேர்ந்து காத்து எதிர்த்துத் தள்ளும், அது கையில தெரியும். உள்ள ஆள் இருக்குன்னு அர்த்தம். பதினஞ்சு தடவை இழுப்பேன், இருபது தடவை இழுப்பேன், தோள்பட்டை கழண்டு வந்துடும். ஒரே ஒரு தடவை இருமிட்டாப் போதும், அப்புறம் விட மாட்டேன். அடுத்த இழுப்புல நீலமாப் புகையைக் கக்கிட்டு எழுந்து கத்தும் பாருங்க. அறுபத்திரண்டு வயசுல வேற யாரு தம்பி எனக்கு அப்படிப் பதில் சொல்றாங்க? பொண்ணு போன் பண்ணுவா. ஏம்மா, கையைக் கிய்யை அறுத்துக்கிட்டு ஆஸ்பத்திரியில படுத்துக்காதேன்னு சொல்லுவா. வச்சுடுவா.

ஊருக்கு வெளிய கொண்டுபோய் ஓட்டலாமேவா? எல்லாரும் அதைத்தான் கேக்குறாங்க. வெளிய ஓட்டி எனக்கு என்ன ஆகணும்? இந்த வீட்டுலதான் ஓடணும்.

ஏன்னா, இந்த வீட்டுலதான் ஓடாமக் கிடந்துச்சு.

அன்னிக்கு ரம்பம் நின்னுச்சுன்னு சொன்னேனே, அது எங்க வீட்டுக்காரரோடது. ஒத்தவெட்டுன்னு பேரு அவருக்கு. ஒரே வெட்டுல மரத்தை நினைச்ச இடத்துல படுக்கப் போடுவார், அதனால. நான் செருப்புகூடப் போடாம மேடேறி ஓடினேன். மரத்துல பாதி வரைக்கும் ரம்பம் இறங்கி நிக்குது. இவர் பக்கத்துல ஒரு கட்டை மேல உக்காந்திருக்கார். அடி இல்ல, காயம் இல்ல. எனக்குப் போன உசுரு திரும்பி வந்துச்சு. அப்பத்தான் கான்ட்ராக்டர் டேங்க் மூடியைத் திறந்து மோந்து பார்த்துட்டு, உன் பொண்டாட்டி ஆயில் ஊத்த மறந்துட்டாய்யான்னார்.

இந்த மிஷினுக்குத் தனிப் பெட்ரோல் ஊத்தக் கூடாது தம்பி. ஆயில் கலந்துதான் ஊத்தணும். கலக்கலன்னா பிஸ்டன் காஞ்சு, சூடேறி, சிலிண்டரோட ஒட்டிக்கும். அதோட முடிஞ்சது. தினம் காலைல கேன்ல கலந்து கொடுக்கிறது என் வேலை. மருந்து பாட்டில் மூடியால அளந்து ஊத்துவேன். இவர் என்ன சொல்லுவாரோன்னு திரும்பிப் பார்த்தேன். தரையைப் பார்த்துக்கிட்டு இருந்தார்.

அப்புறம் கேக்கணுமா? ஒரு மூடி ஆயில் ஊத்தத் துப்பில்லாதவன்னு என் மாமியார் ஆரம்பிச்சாங்க. நாத்தனார் வந்தா அதே பேச்சு, கொழுந்தனார் வந்தா அதே பேச்சு. எம் புள்ளை பொழைப்பையே பொசுக்கிட்டாளேன்னு தெருவுல நின்னு சொல்வாங்க. நானே நம்பிட்டேன் தம்பி, அதுதான் கொடுமை. மறந்துட்டேனோ? அன்னிக்குப் பாப்பா அழுதாளே, அந்த அவசரத்துல விட்டுட்டேனோ? ஒரு மாசம் சோறு இறங்கல.

ஒரு மாசம் கழிச்சு, என்னதான் ஆச்சுன்னு பார்த்துடுவோம்னு ஸ்பேனரை எடுத்தேன். டேங்க்ல அடியில கொஞ்சம் பெட்ரோல் மிச்சம் இருந்துச்சு. கண்ணாடி டம்ளர்ல ஊத்தினேன். எங்க ஆயில் பச்சை நிறம், கலந்தா பெட்ரோலும் பச்சையாத்தான் இருக்கும். டம்ளர்ல பச்சையே இல்ல. அப்படின்னா நான்தான் மறந்திருக்கேன். சரின்னு, அவர் வேலைக்குக் கொண்டுபோன பையைத் துழாவினேன். அடியில கேன். அன்னிக்கு நான் கலந்து கொடுத்த கேன். கழுத்து வரைக்கும் நிறைஞ்சு இருக்கு. பச்சையா.

புரியுதா தம்பி? நான் கொடுத்ததை அவர் ஊத்தவே இல்ல. வேற எங்கேர்ந்தோ தனிப் பெட்ரோல் பிடிச்சு ஊத்தியிருக்கார்.

கோபமா? வராம இருக்குமா? இருடா மகனே, இதை ஓட வச்சு எல்லார் முன்னாடியும் கேனையும் ரம்பத்தையும் வச்சுக் கேக்குறேன்னு நாலு மாசம் உழைச்சேன். சிலிண்டர்ல ஒட்டியிருந்த அலுமினியத்தைக் கக்கூஸ் கழுவுற ஆசிட் தொட்டுத் தொட்டுக் கரைச்சேன், உப்புத்தாள் போட்டேன், பழைய கடையில பிஸ்டன் தேடிப் பிடிச்சு மாட்டினேன். இவர் பார்த்துக்கிட்டே இருப்பார். ஒரு நாள் மத்தியானம் வீட்டுல யாரும் இல்ல. இதே கொட்டகைதான். இழுத்தேன். பத்தோ பன்னெண்டோ, எழுந்துக்கிச்சு! என் சத்தமும் அதோட சேர்ந்துதான் கேட்டிருக்கும்.

திரும்பினா, வாசல்ல நிக்கிறார். அந்த முகத்தை எப்படிச் சொல்றது? வீட்டுக்குப் போலீஸ் வந்து, கிளம்பு போலாம்னு கூப்பிட்டா ஒருத்தன் முகம் போகுமே, அப்படி.

அப்பத்தான் எனக்கு மத்ததெல்லாம் ஞாபகம் வந்துச்சு. ரம்பம் நின்னதுக்கு மூணு வாரம் முன்னாடி அவர் கூட்டாளி மேல மரம் உருண்டு, ஒரு கால் அங்கேயே போச்சு. தோள்ல தூக்கிட்டு வந்தவர் இவர்தான். அதுக்கப்புறம் தண்ணி டம்ளரை ரெண்டு கையாலயும் பிடிச்சுத்தான் குடிப்பார். நான் பார்த்தேன், ஆனா பார்க்கல. ஒத்தவெட்டுன்னு ஊரே கூப்பிடுற ஆளு, எனக்கு பயமா இருக்குன்னு யாருகிட்டப் போய்ச் சொல்லுவார்? அதான் ரம்பத்தை வேணும்னே சாகடிச்சிருக்கார்.

சுவிட்சை அமுக்கி நிறுத்திட்டேன். ஓடிச்சேன்னு கேட்டார். எங்கங்க ஓடிச்சு, ரெண்டு இருமு இருமிட்டுச் செத்துப்போச்சு, இனிமே தேறாதுன்னேன். அவருக்கும் காது இருக்கு. ஆனா சரின்னார்.

அன்னிக்குச் சாயங்காலமே மாமியார்கிட்டப் போய், ஆமாத்தை, நான்தான் மறந்துட்டேன்னு சொல்லிட்டேன். கடைசி வரைக்கும் அவங்க அதைச் சொல்லிக் காட்டிக்கிட்டேதான் இருந்தாங்க. கேட்டுக்கிட்டேன். ஊர்ல ஆளாளுக்குச் சொன்னாங்க, உனக்கு மிஷின் வேலை வராதும்மான்னு. அதையும் கேட்டுக்கிட்டேன். ரம்பம் பரண்ல இருந்துச்சு. அவர் இருந்த வரைக்கும் இந்த வீட்டுல ஒரு கயிறை நான் இழுத்ததில்ல. முப்பத்திநாலு வருஷம்.

இப்ப நான் இழுக்கிறேன். பாட்டு வாத்தியார் காதைப் பொத்திக்கட்டும். கையெழுத்தா? போட மாட்டேன். போட மாட்டேன்னு சொல்லிட்டாள்னு எழுதிக்குங்க. வண்டி கொண்டாங்க, பதினொண்ணையும் ஏத்துங்க. மறுநாளே பன்னெண்டாவதைத் தேடிக்கிட்டு அதே இரும்புக் கடையில நிப்பேன். அதையும் எழுதுங்க, பெரிய எழுத்துல.

அவரா? ஒரு பள்ளிக்கூடத்துல கேட் திறந்து மூடுற வேலை கிடைச்சுச்சு. இருபத்தேழு வருஷம் பார்த்தார். போன மழைக்காலத்துல இந்த வீட்டுலயே, கட்டில்ல படுத்தபடியே போயிட்டார். உடம்புல ஒரு கீறல் கிடையாது.