மைனஸ் முப்பத்தாறாயிரம்

அண்ணி: ...கடைசின்னா சும்மா கடைசி இல்ல. பூஜ்யத்துக்கும் கீழ.

கொழுந்தன்: அதெப்படி அண்ணி? ஒண்ணுமே செய்யாத கம்பெனிக்கே பூஜ்யம்தானே?

அண்ணி: ஆமா, அவங்கல்லாம் நமக்கு மேல இருக்காங்க. நூத்தி நாலு கம்பெனியில நாம நூத்தி நாலாவது. மைனஸ் முப்பத்தாறாயிரத்து ஐந்நூத்திப் பதினாலு.

கொழுந்தன்: அப்படி எதைத்தான் எண்ணினாங்க?

அண்ணி: ஓப்பன் சோர்ஸ்ல யார் எத்தனை வரி எழுதிக் குடுத்தாங்கன்னு. பொதுவுல கிடக்கற மென்பொருளை எல்லாக் கம்பெனியும் ஓசியில எடுத்துக்கறோமே, திருப்பி என்ன செஞ்சோம்னு வருஷா வருஷம் ஒரு பட்டியல். சேர்த்த வரி பிளஸ், அழிச்ச வரி மைனஸ். நம்ம ஆபீஸ்ல அதுல கை வெக்கறது நீ ஒருத்தன்தான். நீ சேர்த்தது பதினொண்ணு.

கொழுந்தன்: அழிச்சது...

அண்ணி: அதையும் என் வாயால சொல்லணுமா?

கொழுந்தன்: அது அழிக்க வேண்டியதுதான் அண்ணி. காலண்டர் புரோகிராம். தேதியைக் குடுத்தா கிழமையைச் சொல்லணும், அவ்வளவுதான். சின்னக் கணக்கு. அதை அந்தப் புண்ணியவாளன் எப்படி எழுதியிருந்தான் தெரியுமா?

அண்ணி: ...எப்படி?

கொழுந்தன்: நூறு வருஷத்துக்கு, தேதிக்கு ஒரு வரி. இந்தத் தேதியா, செவ்வாய். அடுத்த தேதியா, புதன். அதுக்கடுத்த தேதியா...

அண்ணி: போதும், புரியுது. தப்பு ஏதாவது இருந்துச்சா?

கொழுந்தன்: தப்பில்ல, ஆனா...

அண்ணி: அப்புறம் என்ன? பாவம், யாரோ பொறுமையா உட்கார்ந்து எழுதியிருக்காங்க.

கொழுந்தன்: பொறுமையா? மூளையைக் கழட்டி வச்சுட்டு எழுதியிருக்கான்.

அண்ணி: வார்த்தையை அளந்து பேசு.

கொழுந்தன்: உங்களுக்கு ஏன் அண்ணி கோபம் வருது?

அண்ணி: கோபமெல்லாம் இல்ல. முதலாளி தையா தக்கான்னு குதிக்கறாரு. வெள்ளிக்கிழமை முழுக்க உனக்கு இந்தப் பொது வேலைக்குன்னு ஒதுக்கினது கடைசியில நிக்கறதுக்கான்னு கேக்கறாரு. திங்கக்கிழமை பட்டியல் வெளிவருது. அதுக்குள்ள எண்ணிக்கை ஏறலைன்னா அந்த ஒரு நாளையும் நிறுத்திடுவாராம்.

கொழுந்தன்: அண்ணி... அந்த ஒரு நாளுக்காகத்தான் மத்த நாலு நாளும் இங்க குப்பை கொட்டறேன்.

அண்ணி: தெரியும்டா. அதான் சொல்றேன், அழிச்சதை அப்படியே திரும்பப் போட்டுடு.

கொழுந்தன்: பதினொரு வரியில அழகா ஓடுது. அதைத் தூக்கிட்டு மறுபடியும் அந்த ரயில் வண்டியா? மாட்டேன்.

அண்ணி: வெள்ளிக்கிழமை போனாலும்?

கொழுந்தன்: ...போனாலும். கொஞ்சம் அழுவேன். ஆனா போட மாட்டேன்.

அண்ணி: பிடிவாதம் மட்டும் உங்க குடும்பத்துல எல்லாருக்கும் சமமாப் பிரிச்சுக் குடுத்திருக்காங்க.

கொழுந்தன்: அப்படியே போடறதுன்னாலும் எழுதின ஆளைக் கேக்கணும், அங்க அதுதான் வழக்கம். பேர் இல்ல, ஏதோ பழைய கம்பெனி மெயில்தான் இருக்கு. எழுதிப் பார்க்கட்டுமா?

அண்ணி: பதில் வராது.

கொழுந்தன்: எப்படிச் சொல்றீங்க?

அண்ணி: ...அந்தக் கம்பெனியை விட்டு வந்து ஒன்பது வருஷம் ஆச்சு.

கொழுந்தன்: யாரு?

அண்ணி: வீட்டு அலமாரியில ஒரு கண்ணாடிக் கோப்பை இருக்கே, சாவியெல்லாம் போட்டு வைப்போமே...

கொழுந்தன்: 'அதிக வரிகள் எழுதியவர்'னு போட்டிருக்கும். அது கவிதைப் போட்டியில வாங்கினதுன்னுல்ல சொன்னீங்க?

அண்ணி: உங்கம்மா திடீர்னு கேட்டாங்க, அதான் வாயில வந்துச்சு. அப்பவும் இதே மாதிரி வரியைத்தான் எண்ணினாங்க. எண்ணுறாங்கன்னு தெரிஞ்சா நீட்டத்தானே தோணும்? சின்ன வயசு, புத்தி அப்படிப் போச்சு... சிரிக்காதே.

கொழுந்தன்: சிரிக்கல அண்ணி. இருமல்.

அண்ணி: நேரா முதலாளிகிட்ட போறேன். வரியை எண்ணி வேலையை அளக்க முடியாதுன்னு சொல்லப் போறேன். ஆதாரம் கேட்டா, கோப்பையை மேசை மேல வைக்கறேன். மானம் போனா போகட்டும், உன் வெள்ளிக்கிழமை போக வேண்டாம்.

கொழுந்தன்: அண்ணி... நிஜமாவா?

அண்ணி: ஆனா ஒண்ணு. உன் அண்ணன் காதுக்கு மட்டும் இது போகக் கூடாது. அந்தப் பரிசளிப்பு விழாவுலதான் என்னை முதமுதல்ல பார்த்தாரு. பெரிய அறிவாளின்னு நம்பிக் கட்டிக்கிட்ட மனுஷன்.

கொழுந்தன்: தெரியாத மாதிரி நடிச்சதுக்கு மன்னிச்சுடுங்க அண்ணி. வேற எவனாவது பார்த்துக் கிண்டல் பண்றதுக்குள்ள அதை அழிச்சுடுடான்னு என்கிட்ட சொன்னதே அண்ணன்தான். அப்போ வரி எண்ணின குழுவுல அவனும் இருந்தானாம். முப்பத்தாறாயிரத்தையும் படிச்சுட்டு, இவ்வளவு துணிச்சலா ஏமாத்தற பொண்ணு யாருன்னு பார்க்கத்தான் அந்த விழாவுக்கே வந்தானாம்.