சாமைக்காட்டில் ஒளித்த பிள்ளை

ஒரு பிள்ளைக்குக் கெடுதலாகுமோ என்று பயந்து, பல வருஷம் இதை எழுதாமல் இருந்தேன். வெள்ளிமலையிலிருந்து இறங்கும் பஸ்ஸில் என் முன் சீட்டில் ஒரு மலைக்காரம்மா. மடியில் ஜுரத்தில் துவண்ட சிறுமி. பக்கத்தில், பெற்றோர் வெளியூர் வேலைக்குப் போன பிள்ளைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்ய வந்த பெண்.

"அப்படிப் புள்ளையே ஊர்ல இல்லன்னு நேத்து சொன்னீங்களேக்கா, இது யாரு?"

"பக்கத்து வூட்டுப் புள்ள. அப்பன் ஆத்தா மிளகு பறிக்கப் போயிருக்காங்க. பாத்துக்க ஆளில்லன்னு நீ ஆஸ்டலுக்குத் தூக்கினு பூடுவேன்னு சாமைக்காட்டுல ஒளிச்சி வெச்சோம். மழையில நனைஞ்சிடுச்சி."

"ஐயோ! யாரு பாத்துக்கிறாங்கன்னு கேக்கத்தாங்க்கா வந்தேன்."

"அத மொதல்ல கேட்டிருந்தா, நான்தான் நான்தான்னு நாலு வூடு சண்டைக்கே வந்திருக்கும்!"

பிறகு அந்த அம்மாவின் குரல் தாழ்ந்தது. "ஆஸ்பத்திரியில ஆத்தா எங்கன்னு கேப்பாங்க. நீயும் கூட வாம்மா."

ஆராய்ச்சிக்கு வந்தவள் சிறுமியைத் தன் மடிக்கு வாங்கிக்கொண்டாள்.

ஆண்டவன் அறிய, கேட்டது இவ்வளவுதான். பிறருக்குச் சொல்கிறவர்கள் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள்.