ஒரு பாகை

தேத்தண்ணி ஆறட்டும், இன்ஸ்பெக்டர் ஐயா. கொதிக்கக் கொதிக்கக் குடித்து எனக்குப் பழக்கமில்லை. எதையும் மெதுவாக ஆறவிட்டால்தான் ஒழுங்காக வரும். என் தொழிலே அதுதான்.

பெயர் கறுப்பையா. மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து, கண்டியில் ஓர் ஆய்வுகூடம் நடத்தும் அளவுக்கு வந்தவன். பொலித்தீனைச் சுடவைத்த சைலீனில் கரைத்து, கண்ணுக்குத் தெரியாத கார்பன் நுண்குழாய்களை அதில் போடுவோம். சைலீன் பெயின்ற் கரைக்கிற சாமான். மணம் மண்டைக்கு ஏறும். சூட்டை இறக்கிச் சரியான பாகையில் நிறுத்தினால், பொலித்தீன் குட்டிக் குட்டிப் பளிங்குத் தட்டுகளாகக் குழாயில் படியும். ஈர்க்கில் இடைவெளி விட்டு வடை கோத்த மாதிரி இருக்கும். ஒரு பாகை பிசகினால் போச்சு, எல்லாம் கட்டியாகிவிடும். அந்த இடைவெளிக்காகப் பதினொரு வருடம் நாயாய் அலைந்தேன்.

என்னைக் கெடுத்தது ஆவியை வெளியே இழுக்கிற மின்விசிறி. அந்தக் காற்றில் சூடு நிலையாக நிற்கவில்லை. ஆகவே வயரைக் கழற்றினேன். ஹந்தானை மலைக் குளிர் வராமல் ஜன்னல் இடுக்குகளில் டேப் ஒட்டினேன். விசிறி ஓடுவதைக் காட்டும் பச்சை விளக்குக்கு மட்டும் தனியாக மின்சாரம் கொடுத்தேன். அது எரியாவிட்டால் ஜெயராணி உள்ளே போகமாட்டாள்.

ஜெயராணி என் மாணவி, ஹந்தானைத் தோட்டத்துப் பெண். நம் ஆட்களில் ஒருத்தி மேலே வரட்டுமே என்று நான்தான் ஆசைப்பட்டுச் சேர்த்தேன்.

“சத்தமே கேக்கலையே சேர்?” என்றாள் முதல் நாள்.

“புது மோட்டர் புள்ள. பச்ச லைட்டு எரியுதுல்ல? பேசாம வேலையப் பாரு.”

நம்பினாள். என்னை நம்பாமல் வேறு யாரை நம்புவாள்?

மூன்றாம் வாரம் தலை சுற்றுகிறது என்றாள். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. சாப்பிடாமல் வந்திருப்பாய் என்று ஏசினேன். அவளுடைய அப்பா தேயிலைக்கு மருந்தடித்தவர். அந்த வாடையில் வளர்ந்த உடம்பு, தாங்கும் என்று நினைத்தேன். என் அப்பாவும் மருந்தடித்தவர்தான். இருமி இருமியே போய்ச் சேர்ந்தார். அது அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை பத்து லீற்றர் சைலீன் வைத்தோம். மூடினால் ஆவி சொட்டிச் சூட்டைக் குழப்பும் என்று பாத்திரத்தைத் திறந்தே விட்டோம். ஜெயராணியைப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் கதிரையில் உட்காரவைத்துவிட்டு, நான் அடுத்த அறையில் இருந்து கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். பகல் இரண்டரைக்கு எழுந்து வந்து கதவைப் பிடித்தாள்.

“முடியல சேர். கொஞ்சம் வெளிய வந்துட்டுப் போறேன்.”

கதவைத் திறந்தால் காற்று புகும். “இன்னும் இருபது நிமிசந்தான் புள்ள,” என்றேன். போய் உட்கார்ந்தாள். சொன்ன பேச்சைத் தட்டாத பிள்ளை, பாவம்.

பத்தாவது நிமிடம் கதிரையிலிருந்து சரிந்தாள். வெப்பமானி சரியான பாகையில் அசையாமல் நின்றது. மீதிப் பத்து நிமிடமும் நான் கதவைத் திறக்கவில்லை. திறந்தபோது அவளுக்கு மூச்சு இல்லை.

விபத்து என்று எழுதிக்கொள்ளலாம் என்றீர்கள். வேண்டாம், ஐயா. ஆரம்பத்தில் அந்தக் கதிரையில் உட்கார்ந்தவன் நான். விசிறி இல்லாமல் இரண்டு தடவை மயங்கி விழுந்தேன். இரண்டாம் தடவை கதவு வரைக்கும் தவழ்ந்துதான் வெளியே வந்தேன். அடுத்த வாரமே ஜெயராணியைச் சேர்த்தேன்.

அன்றைய தட்டுகளில் ஓர் இடைவெளிகூடப் பிசகவில்லை. இதைப் பற்றிய ஆராய்ச்சிக் கட்டுரையில் அவள் பெயரை என் பெயருக்கு முன்னால் போட்டிருக்கிறேன். செத்த வீட்டுக்கு அதன் முதல் பக்கத்தை எடுத்துக்கொண்டு போய் அவளுடைய அம்மாவிடம் நீட்டினேன். அவர் கை நீட்டவே இல்லை. எழுத்து தெரியாத மனுஷி, அதனால்தான் இருக்கும்.